மாவுப் பானையும் கெடாவின் மக்கள் தொகையும்

இரவு பத்து மணிக்கு அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலந்து மூடி வைத்த தோசை மாவு, சுங்கை பட்டாணிப் புழுக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவைக் கேமரன் மலைக் குளிரில் வைத்துப் பாருங்கள். எட்டு மணியானாலும் பாதிப் பானையைத் தாண்டாது. எவ்வளவு மாவு வைத்தோம் என்பது ஒன்று. எந்த வேகத்தில் அது பொங்குகிறது என்பது இன்னொன்று. எவ்வளவு நேரம் விட்டுவைத்தோம் என்பது மூன்றாவது. மக்கள் தொகை எப்படி மாறுகிறது என்று கணக்குப் போடவும் இந்த மூன்றும் போதும்: தொடக்க எண், வளர்ச்சி விழுக்காடு, காலம்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இந்தக் கணக்கு வெறும் பள்ளிப்பாடம் அல்ல. ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைப் பட்டணத்துக்கு மாற்றலாமா, புதுத் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) கோயிலுக்கு இடம் கேட்கலாமா, தொகுதியில் நம்மவர் எத்தனை பேர் என்று பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒரு விழுக்காட்டை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். அந்த எண்ணுக்குமுன் நம்மில் பலர் வாயடைத்துப் போகிறோம். அப்படிப் போகத் தேவையில்லை. அந்த எண் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால், அதை வைத்தவரிடம் சரியான கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்.

முதலில் மாவு ஏன் பொங்குகிறது என்று பார்ப்போம். உளுந்தோடு கூடவே வந்த நுண்ணுயிர்கள், லியூக்கோனாஸ்டாக் போன்றவை, ஈரத்திலும் வெப்பத்திலும் பெருகுகின்றன. ஒன்று இரண்டாகப் பிரிகிறது, இரண்டு நான்காகிறது. மாவை உப்பவைப்பது அவை விடும் காற்றுதான். ஆனால் அந்தக் காற்றின் அளவு, அந்த நேரத்தில் பானைக்குள் எத்தனை நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. யாரும் மணிக்கு ஒரு கரண்டி என்று வெளியிலிருந்து ஊற்றுவதில்லை. இருப்பதிலிருந்துதான் அடுத்தது வருகிறது. இருப்பது கூடினால் வருவதும் கூடும்.

எண்ணில் சொன்னால் இப்படி. பானையில் 10 கரண்டி மாவு; மணிக்கு 10 விழுக்காடு பொங்குகிறது என்று வையுங்கள். முதல் மணி நேரத்தில் 1 கரண்டி கூடி 11 ஆகும். இரண்டாவது மணியில் கூடுவது 1 கரண்டி அல்ல, 11-இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.1. ஆகவே 12.1. மூன்றாவது மணியில் 13.31. ஏழு மணி நேரம் கழித்து ஏறத்தாழ 19.5 கரண்டி. ‘மணிக்கு ஒரு கரண்டி, ஏழு மணிக்கு ஏழு கரண்டி’ என்று கூட்டியவர் 17 என்பார். அவர் கணக்கில் இல்லாத இரண்டரைக் கரண்டிதான் விடியற்காலையில் மேடையில் வழிந்து கிடக்கிறது.

எனவே விதி ஒன்றுதான்: விழுக்காட்டைக் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 10 விழுக்காடு வளர்ச்சி என்றால் ஒவ்வொரு காலக்கட்டத்துக்கும் 1.10-ஆல் பெருக்க வேண்டும். 2 விழுக்காடு என்றால் 1.02. பத்து ஆண்டு என்றால் அந்தப் பெருக்கலைப் பத்து முறை செய்ய வேண்டும். குறைகிற ஊராக இருந்தால் 3 விழுக்காடு சரிவுக்கு 0.97-ஆல் பெருக்க வேண்டும்.

இனி கெடாவுக்கு வருவோம். இந்தக் கணக்கைக் கற்க இதைவிட நல்ல நிலம் கிடைக்காது என்பது என் எண்ணம். சோழர் காலத்தில் கடாரம் என்று நாம் அறிந்த இந்த மண், 1909-இல் பாங்காக் உடன்படிக்கையின்படி சயாமின் மேலாதிக்கத்திலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இரண்டே ஆண்டில், 1911-இல், இங்கே மக்கள் தொகை எண்ணப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 2 லட்சத்து 46 ஆயிரம் பேர். பெரும்பாலும் மலாய் விவசாயிகள், முடா ஆற்றங்கரையிலும் அலோர் ஸ்டார் சமவெளியிலும் நெல் விதைத்தவர்கள். இந்தியர் சுமார் 6 ஆயிரம் பேர்தான்.

அப்புறம் ரப்பர் வந்தது. கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் பக்கம் காட்டை அழித்துக் கன்று நட்டார்கள். 1915-இல் ரயில் அலோர் ஸ்டாரை எட்டியது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் ஊருக்குப் போய் உறவு முறையிலும் சாதி முறையிலும் ஆள் திரட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய குடும்பங்கள் பினாங்கில் இறங்கி, தடுப்பு முகாமில் நாள் கழித்து, எதிர்க்கரைக்குத் தாண்டி, தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) வந்து சேர்ந்தன. 1921-இல் மறுபடி எண்ணியபோது கெடாவில் இந்தியர் சுமார் 33 ஆயிரம் பேர்.

இப்போது பேனாவை எடுங்கள். 33 ஆயிரத்திலிருந்து 6 ஆயிரத்தைக் கழித்தால் 27 ஆயிரம். இதுதான் மாற்றம். இதைப் பழைய எண்ணால் வகுக்க வேண்டும், புது எண்ணால் அல்ல. மாவு எவ்வளவு பொங்கியது என்று சொல்ல இரவு வைத்த அளவோடுதானே ஒப்பிடுவோம்? 27-ஐ 6-ஆல் வகுத்தால் 4.5. நூறால் பெருக்கினால் 450 விழுக்காடு. அவசரத்தில் 33-ஆல் வகுத்து 82 விழுக்காடு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது வேறொரு கேள்விக்கான விடை: 1921-இல் இருந்தவர்களில் புதிதாகக் கூடியவர்களின் பங்கு எவ்வளவு என்பதற்கு.

பத்து ஆண்டில் 450 விழுக்காடு. அப்படியென்றால் ஆண்டுக்கு எவ்வளவு? இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். 450-ஐ 10-ஆல் வகுத்து, ஆண்டுக்கு 45 விழுக்காடு என்று சொல்லிவிடுகிறார்கள். சரியா என்று சோதிப்போம். 45 விழுக்காடு என்றால் ஒவ்வோர் ஆண்டும் 1.45-ஆல் பெருக்க வேண்டும். 1.45-ஐப் பத்து முறை பெருக்கினால் 41 வருகிறது. 6 ஆயிரத்தை 41-ஆல் பெருக்கினால் 2 லட்சத்து 46 ஆயிரம். 1911-இல் கெடா முழுவதிலும் இருந்த எல்லா இன மக்களின் எண்ணிக்கை அது! அத்தனை இந்தியர்கள் 1921-இல் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று அந்தத் தவறான கணக்கு சொல்கிறது. உண்மையில் இருந்தவர்கள் 33 ஆயிரம்.

சரியான வழி எதிர்த் திசையில் போவது. 6 ஆயிரம் 33 ஆயிரம் ஆனது, அதாவது 5.5 மடங்கு. எந்த எண்ணைப் பத்து முறை தன்னோடு தானே பெருக்கினால் 5.5 வரும் என்று தேட வேண்டும். கைப்பேசியைப் படுக்கை வசமாகத் திருப்பினால் பெரும்பாலானவற்றில் விரிந்த கணிப்பான் வரும். அதில் 5.5, பிறகு அடுக்குக்கான பொத்தான், பிறகு 0.1 என்று அழுத்துங்கள். 1.186 வரும். ஆண்டுக்கு 18.6 விழுக்காடு. கையால் சரிபார்க்க ஆசை இருந்தால், 1.186-ஐ அதே எண்ணால் பெருக்க 1.407. அதன் வர்க்கம் 1.98. அதன் வர்க்கம் 3.91. எட்டு ஆண்டு ஆயிற்று. மீதி இரண்டு ஆண்டுக்கு 1.407-ஆல் பெருக்கினால் 5.5. கணக்கு மூடியது.

கணக்கு மூடினாலும் விஷயம் மூடவில்லை. 18.6 விழுக்காடு என்பது எந்த மாவின் பொங்கல்? தானாகப் பெருகும் மனிதக் கூட்டம் எதுவும் அந்த வேகத்தைத் தொட முடியாது. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 45 குழந்தைகள் பிறந்து, ஒருவர்கூடச் சாகவில்லை என்றாலும் வளர்ச்சி 4.5 விழுக்காடுதான். அன்றைய தோட்டங்களில் ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. புதிதாக வெட்டிய காட்டில் மலேரியா. பிறந்த குழந்தைகளும் பிழைப்பது அரிது. அந்தப் பானையில் இருந்த மாவு தானாகப் பொங்கவே இல்லை. பினாங்குத் துறைமுகம் வழியாக வெளியிலிருந்து ஊற்றி ஊற்றி நிரப்பினார்கள்.

இதனால் கணக்கில் இரண்டு பகுதிகள் வேண்டியிருக்கின்றன. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் கிடைப்பது இயற்கை வளர்ச்சி, பானைக்குள்ளேயே நடக்கும் பொங்கல். வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் கிடைப்பது குடிப்பெயர்வு, கரண்டியால் ஊற்றுவதும் எடுப்பதும். இரண்டையும் கூட்டினால் மொத்த மாற்றம். வெளியே நின்று பானையில் கோடு போட்டுப் பார்ப்பவருக்கு உயரம் மட்டும்தான் தெரியும். எது பொங்கியது, எது ஊற்றியது என்று அந்தக் கோடு சொல்லாது.

சொல்லாததன் விலை என்ன? 1921-இல் ஓர் அதிகாரி உட்கார்ந்து, கடந்த பத்தாண்டின் 18.6 விழுக்காட்டையே எடுத்து அடுத்த பத்தாண்டுக்கு ஓட்டியிருந்தால், 33 ஆயிரத்தை மறுபடி 5.5-ஆல் பெருக்கி, 1931-இல் 1 லட்சத்து 81 ஆயிரம் இந்தியர் இருப்பார்கள் என்று எழுதியிருப்பார். அவர் பெருக்கலில் ஒரு பிழையும் இருந்திருக்காது. 1931-இல் உண்மையில் எண்ணியபோது இருந்தவர்கள் 50 ஆயிரத்தைச் சற்றே தாண்டியவர்கள். ரப்பர் விலை 1920-இலேயே சரிந்தது. 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. 1929-க்குப் பிறகு உலகமே மந்தத்தில் வீழ்ந்தது. கப்பலை நிரப்பியதும் காலி செய்ததும் லண்டன் சந்தையின் ரப்பர் விலை. அந்த விலை எப்படிப் போகும் என்று பழைய விழுக்காட்டுக்குத் தெரிய வழியில்லை.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1921 முதல் 1931 வரை கூடியவர்கள் சுமார் 18 ஆயிரம். விழுக்காட்டில் 54, ஆண்டுக்கு ஏறத்தாழ 4.4. முந்தைய பத்தாண்டில் ஆண்டுக்கு 18.6. விழுக்காடு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஆனால் ஆட்கள்? 27 ஆயிரம் 18 ஆயிரமானது, மூன்றில் ஒரு பங்குதான் குறைவு. பானை பெரிதாகிவிட்டால் அதே கரண்டி சிறிய விழுக்காடாகத் தெரியும். ‘வளர்ச்சி வீதம் படுத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், ‘எத்தனை பேர்?’ என்று உடனே கேட்க வேண்டும். இரண்டு எண்ணும் சேர்ந்து வந்தால்தான் செய்தி.

16 ஆண்டுகளும் ஒரு சராசரியும்

1931-க்கு அடுத்த கணக்கெடுப்பு 1941-இல் நடந்திருக்க வேண்டும். போரால் நடக்கவில்லை. 1947-இல்தான் டெல் டூஃபோ என்ற கண்காணிப்பாளரின் கீழ் மறுபடி எண்ணினார்கள். மலாயாவும் சிங்கப்பூரும் சேர்ந்து 1931-இல் சுமார் 6 லட்சத்து 22 ஆயிரமாக இருந்த இந்தியர், 1947-இல் சுமார் 6 லட்சம்.

மாற்றம் 22 ஆயிரம் குறைவு. பழைய எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டுச் சரிவு. இடைவெளி 10 ஆண்டு அல்ல, 16 ஆண்டு என்பதைக் கவனியுங்கள். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே பத்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். 16 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 0.2 விழுக்காடு குறைவு. இந்த எண்ணைமட்டும் ஒரு மாணவரிடம் கொடுத்தால், ‘அமைதியான, மெல்லத் தேயும் ஒரு சமூகம்’ என்று எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த 16 ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். மந்த காலத்தில் வேலையற்றவர்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1934-இலிருந்து மறுபடி ஆள் எடுத்தார்கள். 1938-இல் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் கூலி ஆட்கள் போவதைத் தடை செய்தது. கங்காணி முறை அதோடு முடிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் தென் சயாமிலும் இறங்கி, சில நாட்களுக்குள் கெடாவின் ஜித்ராவில் ஆங்கிலேயப் படையை உடைத்தது. தோட்டங்கள் நின்றன. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கு தின்றார்கள். 1942-43-இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் காட்டுவழிக்கு, கெடா தோட்டங்களிலிருந்தும் ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். ரேஷன் தருகிறோம், சம்பளம் தருகிறோம் என்று சிலரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்றபடியே சிலரை. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் இறந்தவர்கள் பல்லாயிரம். திரும்பி வந்தவர்கள் சிலர். போகாமல் தப்பியவர்கள் லயத்தில் ஆளில்லாத வீடுகளோடு வாழ்ந்தார்கள்.

ஆண்டுக்கு 0.2 விழுக்காடு என்ற எண் பொய்யல்ல. தொடக்கத்தையும் முடிவையும் இணைத்து ஒரு நேர்க்கோடு இழுத்தால் அதுதான் வரும். ஆனால் இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் மாவின் உயரம் ஒன்றாக இருந்தால், நடுவில் பொங்கி வழிந்து, யாரோ துடைத்துவிட்டுப் போயிருக்கவும் கூடும். சராசரி வளர்ச்சி வீதத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும், அந்த ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது என்று வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நம் தாத்தா பாட்டிகளின் கதை ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் காணாமல் போவதை நான் ஏற்க மாட்டேன்.

இறங்கி ஏறுவதில் இன்னொரு பொறியும் உண்டு. 1,000 பேர் இருந்த தோட்டத்தில் 40 விழுக்காடு பேர் போய்விட்டால் மிச்சம் 600. அடுத்த காலத்தில் ‘40 விழுக்காடு மீண்டது’ என்றால் பழையபடி 1,000 ஆகாது. 600-இல் 40 விழுக்காடு 240. மொத்தம் 840 பேர். ஆயிரத்துக்குத் திரும்ப ஏறத்தாழ 67 விழுக்காடு ஏற வேண்டும். விழுக்காடு எப்போதும் அந்த நேரத்தில் பானையில் இருப்பதன்மேல்தான் உட்காரும்.

தோட்டம் குறைந்து தாமான் நிறைந்தபோது

1957-இல் மலாயா விடுதலை பெற்ற ஆண்டில் கெடாவின் மக்கள் தொகை ஏறத்தாழ 7 லட்சம். 2020-இல் 21 லட்சத்து 31 ஆயிரம். 63 ஆண்டில் மூன்று மடங்கு. ஆண்டுக்குச் சராசரி 1.76 விழுக்காடு. இந்த இடத்தில் கணிப்பான் இல்லாமலே உதவும் ஒரு குறுக்கு வழி: 70-ஐ ஆண்டு விழுக்காட்டால் வகுத்தால், இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று கிடைக்கும். 70-ஐ 1.76-ஆல் வகுக்க, 40 ஆண்டு. 1957-ஓடு 40-ஐக் கூட்டினால் 1997. 14 லட்சத்தை எப்போது தொட்டது? 1991-இல் சுமார் 13 லட்சம், 2000-இல் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டது. குறுக்கு வழி பொய்க்கவில்லை. சிறிய விழுக்காடுகளுக்குத்தான் இது பொருந்தும், 18.6 போன்ற பெரிய எண்ணுக்கு இதை எடுக்காதீர்கள்.

மாநிலம் மூன்று மடங்கு ஆன அதே காலத்தில் தோட்டங்கள் காலியாயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும். நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டது. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். ஒரு தோட்டத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 1,000 பேர். ஓர் ஆண்டில் 30 பிறப்பு, 12 இறப்பு, புதிதாக வந்தவர் 5, வெளியேறியவர் 60. இயற்கை வளர்ச்சி 18 பேர், 1.8 விழுக்காடு. குடிப்பெயர்வில் 55 பேர் குறைவு. மொத்தத்தில் 37 பேர் குறைவு, 3.7 விழுக்காட்டுச் சரிவு.

இதே வேகம் 20 ஆண்டு நீடித்தால்? ஆண்டுக்கு 37 வீதம் 20 ஆண்டில் 740 பேர் போய்விடுவார்கள், மிச்சம் 260 என்று கழிப்பது தவறு. 0.963-ஆல் இருபது முறை பெருக்கினால் ஏறத்தாழ 470 பேர் மிச்சம். குறையும் பானையிலிருந்து எடுக்கும் கரண்டியும் சிறிதாகிக்கொண்டே போகும். அந்தத் தோட்டத்துப் பள்ளியை மூடலாம் என்று கழித்தல் கணக்கோடு வருகிறவர்களுக்கும், பெருக்கல் கணக்கோடு எதிரே நிற்பவர்களுக்கும் நடுவே 210 உயிர்கள் இருக்கின்றன.

அதைவிட முக்கியம், வெளியேறிய 60 பேரும் எங்கும் மறைந்துவிடவில்லை. சுங்கை பட்டாணியிலோ பாடாங் செராயிலோ ஒரு தாமானில் வீடு எடுத்திருக்கிறார்கள். தோட்டத்துக் கணக்கில் கழிகிறார்கள், பட்டணத்துக் கணக்கில் கூடுகிறார்கள், கெடாவின் மொத்தத்தில் அசைவே இல்லை. ஒரு பானையிலிருந்து அடுத்த பானைக்கு ஊற்றினால் அடுக்களையில் உள்ள மாவு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எனவே ஒரு வளர்ச்சி விழுக்காட்டைக் கேட்டால், எந்த எல்லைக்குள் எண்ணியது என்பது முதல் கேள்வி. தோட்டமா, முக்கிமா (மாவட்டத்தின் உட்பிரிவா), மாவட்டமா, மாநிலமா?

நாட்டளவில் இந்தியர் பங்கு பற்றிய பேச்சுக்கும் இதே கவனம் வேண்டும். மலேசியக் குடிமக்களில் இந்தியர் 2010-இல் 7.3 விழுக்காடு, 2020-இல் 6.7 விழுக்காடு. ‘இந்தியர் குறைந்துவிட்டார்கள்’ என்று தலைப்பு வந்தது. குறைந்தது பங்கு. ஆட்கள் குறையவில்லை. 2010-இல் குடிமக்கள் சுமார் 2 கோடியே 60 லட்சம், அதில் 7.3 விழுக்காடு ஏறத்தாழ 19 லட்சம். 2020-இல் சுமார் 2 கோடியே 98 லட்சம், அதில் 6.7 விழுக்காடு ஏறத்தாழ 20 லட்சம். பத்து ஆண்டில் நாம் 5 விழுக்காடு அளவுக்குக் கூடினோம். மற்றவர்கள் அதைவிட வேகமாகக் கூடினார்கள். 7.3-இலிருந்து 6.7 ஆனதை ‘0.6 விழுக்காடு குறைவு’ என்று சொல்வதும் சரியல்ல. அது 0.6 விழுக்காட்டுப் புள்ளி. பங்கு அளவில் பார்த்தால் 0.6-ஐ 7.3-ஆல் வகுத்து, 8 விழுக்காட்டுச் சரிவு. ஆனால் இதில் மனத்தைத் தேற்றிக்கொண்டு உட்காரவும் முடியாது. மலேசியாவில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1970-இல் 4.9, 2022-இல் 1.6. இந்தியக் குடும்பங்களில் அதைவிடவும் குறைவு. ஒரு தலைமுறை தன்னை அப்படியே நிரப்பிக்கொள்ள 2.1 வேண்டும். இன்று ஆட்கள் கூடுவது, முன்பு பிறந்த பெரிய தலைமுறை இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பதால்.

இனி, அடி எண்ணையே, அதாவது தொடக்க எண்ணையே, சந்தேகிக்க வேண்டிய இடம். 2010-க்கு மலேசிய மக்கள் தொகை 2 கோடியே 83 லட்சம் என்று அந்தக் கணக்கெடுப்பு வெளியானபோது சொன்னார்கள். 2020 கணக்கெடுப்பு வெளியானபோது, 2010-இல் 2 கோடியே 75 லட்சம் என்று ஒப்பிட்டார்கள். வீடுவீடாக எண்ணி முடித்தபின், விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று மாதிரி வீடுகளில் மறுபடி பார்த்து எண்ணைத் திருத்துவது உலகெங்கும் வழக்கம். திருத்தாததும் திருத்தியதும் வேறுபடும். 2020-இன் 3 கோடியே 24 லட்சத்தை முதல் எண்ணோடு வைத்தால் ஆண்டு வளர்ச்சி 1.4 விழுக்காடு. இரண்டாவதோடு வைத்தால் 1.7 விழுக்காடு. அதிகாரபூர்வமாக வெளிவந்தது 1.7.

கெடாவுக்கும் அப்படியே 2010-க்கு 19 லட்சத்து 50 ஆயிரம் அளவில் ஓர் எண்ணும், 18 லட்சத்து 90 ஆயிரம் அளவில் ஓர் எண்ணும் உண்டு. முதலாவதை எடுத்தால் ஆண்டுக்கு 0.9 விழுக்காடு, இரண்டாவதை எடுத்தால் 1.2. 0.3 விழுக்காட்டுப் புள்ளிதான் வித்தியாசம், பெரிதாகத் தெரியாது. 2030-க்கு ஓட்டிப் பாருங்கள். 21.3 லட்சத்தை 1.009-ஆல் பத்து முறை பெருக்கினால் 23 லட்சத்து 30 ஆயிரம். 1.012-ஆல் பத்து முறை பெருக்கினால் 24 லட்சம். நடுவே 70 ஆயிரம் பேர். எத்தனை பள்ளி வகுப்பறை, எத்தனை மருத்துவமனைப் படுக்கை, எத்தனை வீடு என்று திட்டமிடுகிறவர் எந்த அடி எண்ணை எடுத்தார் என்பதை வெளிப்படையாக எழுதியாக வேண்டும்.

சின்ன அடி எண்ணில் விழுக்காடு இன்னும் ஆட்டம் போடும். மலேசியாவில் 150-க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகை. 18 மாணவர் உள்ள பள்ளிக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 6 பிள்ளைகள் வந்து சேர்ந்தால் வளர்ச்சி 33 விழுக்காடு. மறு ஆண்டு இரண்டு குடும்பம் பட்டணத்துக்குப் போய் 6 பேர் விலகினால் சரிவு 25 விழுக்காடு. இரண்டு எண்ணையும் வைத்து வரைபடம் போட்டுப் போக்கு தேடுவது வீண். இவ்வளவு சிறிய இடத்தில் பெயர் சொல்லி எண்ணுவதே சரியான கணிதம்.

பள்ளி வாரியத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு வசதியும் இருக்கிறது. வரும் சில ஆண்டுகளில் முதலாம் ஆண்டில் சேரப்போகும் பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். தாமானில் உள்ள பாலர் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், சுற்றியுள்ள தெருக்களில் மூன்று வயதுக்குள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை குடும்பம் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கப் போகிறது, எத்தனை குடும்பம் வாடகை வீட்டில் இருந்து மாறக்கூடியது என்று ஒரு வார இறுதியில் நான்கு பேர் நடந்து எழுதிவிடலாம். வளர்ச்சி விழுக்காட்டை, இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கு, அதாவது ஏழெட்டு ஆண்டுக்கு அப்பால் உள்ள வகுப்புகளுக்கு, வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒரு விழுக்காடு போதாது. வீடமைப்பு நடந்தால் ஒன்று, நடக்காவிட்டால் ஒன்று, தோட்டம் விற்கப்பட்டால் ஒன்று என்று மூன்று வீதங்களில் பெருக்கி, மூன்று விடைகளையும் அடி எண்ணோடும் ஆண்டோடும் சேர்த்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.